உப்பு வீட்டுக்குப் போட்ட பச்சைச் சட்டை

இபு தார்மிக்கு, அதாவது தார்மி அம்மாவுக்கு, பழைய கட்டடங்கள் மேல் பாசம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பின்னால் ஒரு செய்தித்தாளில் அவரைப் பற்றி நாலு வரி வந்தபோது "பாரம்பரியத்தின் காவலர்" என்று போட்டுவிட்டார்கள். அவர் குடியிருக்கும் கெபோன் அசெம் கம்போங் முழுக்க அதைப் படித்துச் சிரித்தது. மாமியார் விட்டுப்போன தேக்குக் கட்டிலை, துடைக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று விற்றுவிட்டு இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டவர் அவர். அவருக்கு வேண்டியிருந்தது பாரம்பரியம் இல்லை. ஒழுகாத ஒரு கூரை.

ஜாவாவின் வடகரையில், லாசெம் ஊரின் உப்பளங்களுக்குப் பக்கத்தில்தான் அவர் பிறந்தார். அப்பா உப்பு வாரினார், அம்மா உப்பு சுமந்தாள். தார்மி மட்டும் செவிலியருக்கு உதவியாளாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். லாரி ஓட்டிய கணவர் நெஞ்சுவலியில் போன பிறகு, மகளைப் படிக்க வைக்கத் தைவானுக்குப் போய், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவரைப் பல வருஷம் பார்த்துக்கொண்டார். அந்தக் கிழவர் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால், தார்மி குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். "முதுகுல ஒரு புண்ணு இல்லாம அனுப்பி வெச்சேன்" என்பார். அவருக்கு அதுதான் மனித உறவு.

ஊர் திரும்பியதும், மாதம் ஒரு முறை குழந்தைகளுக்கு எடை பார்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. விழுந்தது என்று அவர் சொல்லிக்கொள்வார். மற்றவர்கள், பிடுங்கிக்கொண்டார் என்பார்கள்.

எடை பார்க்கும் இடம், கம்போங்கின் நடுவில் இருக்கும் உப்பு வீடு. டச்சுக்காரர்கள் காலத்தில் உப்பு மூட்டைகளை நிறுத்துப் பார்க்கக் கட்டியது. ஒரே அறை. பருத்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே ஓடு. நடு உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. மூட்டைத் தராசு தொங்கிய அதே கொக்கியில் இப்போது குழந்தைத் தராசு தொங்கும். சாரோங் துணியில் குழந்தையை உட்கார வைத்து மாட்டினால், அது ஒரு சுற்றுச் சுற்றி, ஊரையே எழுப்புவதுபோல் அழும். நூறு வருஷ உப்பு சுவருக்குள் ஊறிக் கிடந்ததால், கை வைத்தால் எப்போதும் சற்று ஈரமாக இருக்கும். கடற்காற்று அடிக்கும் நாளில் வெள்ளையாகப் பூக்கும். தார்மி அதை ஒரு துடைப்பத்தால் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

கூரைதான் தாங்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு குழந்தையைத் தராசில் வைத்திருந்தபோது மேலேயிருந்து ஓட்டுத் துண்டு ஒன்று விழுந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வட்டத் தலைவருக்கு அது ஒரு நல்ல காரணமாகக் கிடைத்தது. பாக் லூரா, அதாவது தலைவர் ஐயா, என்று எல்லோரும் அழைக்கும் அந்த மனிதர், உப்பு வீட்டை இடித்துவிட்டு அங்கே சுற்றுலாப் பேருந்துகள் நிறுத்த இடம் கட்டலாம் என்றார். லாசெமின் பழைய வீடுகளைப் பார்க்கத்தானே வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் பேருந்தை எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்டார். பழைய வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காகப் பழைய வீட்டை இடிப்பதில் அவருக்கு எந்த நெருடலும் தெரியவில்லை. குழந்தைகளின் எடையை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புது மண்டபத்தில் பார்க்கலாம், அங்கே மின்விசிறிகூட இருக்கிறது என்றார்.

தார்மிக்கு அந்த நெடுஞ்சாலையைத் தெரியும். சுரபாயா லாரிகள் அதில் யாருக்காகவும் வேகத்தைக் குறைப்பதில்லை. கொழுத்த குழந்தைகளின் தாய்மார்கள் எப்படியாவது கடந்து வந்துவிடுவார்கள். பிள்ளையை நாலு பேர் பார்க்க வேண்டுமே. வராமல் நின்றுவிடுகிறவர்கள் உப்பளத்துப் பெண்கள். எடை பார்த்தே ஆக வேண்டிய பிள்ளைகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. வராத பிள்ளை இளைப்பது யார் கண்ணிலும் படாது. இதை அவர் பாக் லூராவிடம் சொன்னார். பாக் லூரா மின்விசிறியைப் பற்றி மறுபடியும் சொன்னார்.

அப்போதுதான் வட்ட அலுவலகத்தின் சுவரில், டெங்குக் கொசு படத்துக்குக் கீழே, பழைய கட்டடங்களைக் காக்கச் சிறு மானியம் தரும் செமாராங் நகர அறக்கட்டளை ஒன்றின் அறிவிப்பை அவர் பார்த்தார். சின்னத் தொகைதான். ஆனால் ஒரு அறைக்குக் கூரை போடப் போதும். மானியம் வாங்கிய கட்டடத்தை யாரும் இடிக்கவும் முடியாது. தெருத் தலைவர் பாக் கஸ்முரியைப் பிடித்து உட்கார வைத்து விண்ணப்பம் எழுதினார்கள். கஸ்முரி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர்; கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், முடிவெடுக்கத்தான் நாளாகும். கட்டடத்தின் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அதுவரை கட்டடத்தில் எதையும் மாற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. கஸ்முரி அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆகஸ்ட் என்றால் ஜாவாவில் என்ன நடக்கும் என்பது செமாராங் ஆட்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதினேழாம் தேதி சுதந்திர தினம். அதற்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்கூடி வேலை. ஒவ்வொரு கம்போங்கும் தன் வேலி, மதகு, பாலம், வாசல் தூண், அசையாமல் நிற்கும் எதுவாக இருந்தாலும் வண்ணம் பூசிவிடும். போன வருஷம் ஒரு ஆடு தப்பியது அதிர்ஷ்டம். எந்தக் கம்போங் அழகு என்று போட்டி வேறு உண்டு.

அந்த ஞாயிறு கஸ்முரி பெயின்ட் வாளியோடு உப்பு வீட்டு முன்னால் நின்று யோசித்தார். மாற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்களே என்றார். தார்மி சிறிதும் யோசிக்கவில்லை. வர்ணம் பூசுவது மாற்றுவது ஆகாது, சுத்தம் செய்வது என்றார். பெரிய டாக்டர் சுற்றி வரும் நாளில் நோயாளிக்குத் தலை வாராமல், விரிப்பை மாற்றாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. பெயின்டை பாக் லூரா இலவசமாக அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு அடித்ததில் மிச்சம், நல்ல புதினாப் பச்சை, கழுவினாலும் போகாத பிளாஸ்டிக் வகை. பாக் லூரா எதையும் இலவசமாகத் தருகிற ஆள் இல்லை என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

நாற்பது பேர் சேர்ந்தால் ஒரு அறை என்ன ஆகும்? மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. சுவரெல்லாம் பச்சை. அடியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. வாசலுக்கு மேலே கஸ்முரி ஏணியில் ஏறி, எண்ணெய் வர்ணத்தில், நாட்டுச் சின்னத்தில் இருப்பதுபோல் நெல்லும் பருத்தியும் சூழ ஒரு பெரிய நட்சத்திரம் வரைந்தார். நிஜமாகவே நன்றாக இருந்தது. உப்பு வீடு, பிறந்தநாள் விழாவுக்குக் கிளம்பிய கிழவர் மாதிரி ஜொலித்தது. கம்போங்குக்குப் போட்டியில் இரண்டாம் பரிசு.

அறக்கட்டளையிலிருந்து வந்தது நிங்ரும் என்கிற ஒரு பெண். முப்பது வயதிருக்கும். மரியாதைக்குப் பேர்போன சோலோ ஊர்க்காரி, தலை குனிந்து பேசுகிற வளர்ப்பு. காரிலிருந்து இறங்கி உப்பு வீட்டைப் பார்த்தவள், ஒரு கணம் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்த முகத்தோடு வந்தாள். இனிப்புத் தேநீரும், கோழி வைத்த ஒட்டரிசி உருண்டையும், பொரித்த வாழைப்பழமும் கொடுத்தார்கள். உள்ளே போனாள், சுவரில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள், ஊர் ஒற்றுமை தெரிகிறது என்றாள். நாங்கள் பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்றாள்.

கஸ்முரி கண் கலங்கினார். விருந்துக்கு ஆடா கோழியா என்று ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். தார்மி மட்டும் தட்டைப் பார்த்தார். உருண்டையை அந்தப் பெண் பாதியில் வைத்துவிட்டாள். கழுத்தில் பெரிய கேமரா, எடுத்தது ஒரே ஒரு படம். அந்தப் புன்னகையும் தார்மிக்குப் பழக்கமானதுதான். வார்டுக்கு வெளியே நின்று சொந்தக்காரர்களிடம் பேசும்போது டாக்டர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள்.

மிச்சப் பலகாரத்தை வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு, வழிக்கு ஆகட்டும் என்ற சாக்கில், காரை நோக்கி நடந்தவள் பின்னாலேயே போனார்.

"ம்பாக், கொஞ்சம் நில்லும்மா. நான் ஆஸ்பத்திரியில இருந்தவ. 'தகவல் சொல்றோம்'னா என்னன்னு தெரியும். மத்தவங்களுக்கு அழகா சொல்லிட்டீங்க, எனக்கு நேரா சொல்லுங்க. மழ வர்றதுக்குள்ள எனக்குக் கூர வேணும்."

நிங்ரும் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் அவள் தோள் தளர்ந்தது.

"இபு, அந்தப் பச்சையை யாரு அடிக்கச் சொன்னாங்க?"

"நான்தான்."

"ஐயோ."

"ஐயோவ அப்புறம் பாத்துக்கலாம். என்ன கெட்டுப் போச்சு?"

அதற்கு மேல் அவள் மறைக்கவில்லை. அந்தச் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். உள்ளே உப்பும் ஈரமும் இருக்கிறது. சுண்ணாம்பு வழியாக அது மெதுவாக வெளியே வந்துகொண்டே இருக்கும், அதனால்தான் இத்தனை வருஷம் நிற்கிறது. இப்போது மேலே பிளாஸ்டிக் போட்டாயிற்று. ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு உள்ளேயே பூத்து, பூச்சைத் தள்ளி, அடுத்த மழைக்குள் செங்கலோடு பெயர்த்துவிடும். கூரைக்கு மானியம் கேட்கிறீர்கள், கூரையைத் தாங்கச் சுவர் இருக்குமா என்று மானியத்தை முடிவு செய்கிற குழுவில் கேட்பார்கள். விண்ணப்பத்தோடு வந்த படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேச்சே இருக்காது.

"அதாவது, வேர்க்கிற நோயாளிய ரப்பர் ஷீட்டுல சுத்தி வெச்சிருக்கேன்" என்றார் தார்மி.

"அப்படித்தான், இபு."

"பிரிச்சா?"

நிங்ரும் தயங்கினாள். குழு கூட இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் பழைய சுண்ணாம்பைச் சேதப்படுத்தாமல் பச்சையை எடுத்துவிட்டால், தானே இன்னொரு முறை வந்து பார்த்து எழுதுவதாகச் சொன்னாள். ஆனால் சுரண்டக் கூடாது. கம்பித் தூரிகை கூடாது, உளி கூடவே கூடாது. நனைத்த காகிதக் கூழை அப்பி, ஊற வைத்து, வர்ணம் இளகியதும் மரக் கரண்டியால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கீழே இருப்பதும் கூடவே வந்துவிடும்.

புண்ணில் ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியை எடுப்பது மாதிரி, என்று தார்மி மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிகிறது. பலகாரப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

இனிதான் கஷ்டம். கெபோன் அசெமில் ஒருவர் செய்ததைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வது, வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. அதுவும் நாற்பது பேர் செய்ததை. அதுவும் கஸ்முரியின் நட்சத்திரத்தை. நாலு நாள் சுற்றி வளைத்து, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் பேசி, அவர்களாகவே புரிந்துகொள்ள விடுவதுதான் முறை. தார்மிக்கு அந்த முறை தெரியும். நேரம்தான் இல்லை. அன்று மாலையே எல்லோரையும் கூப்பிட்டு, விருந்து இல்லை, பெயின்டை எடுக்க வேண்டும், அடிக்கச் சொன்னது என் தப்பு என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு முன்டியாதான் முதலில் வாய் திறந்தாள். அவள் வாய்க்கு அந்தத் தெருவில் வரி போட்டிருந்தால் கூரை எப்போதோ போட்டிருக்கலாம்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க. 'என் தப்பு'ன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு."

"சொன்னேன்."

"முப்பது வருஷமா பக்கத்து வீட்ல இருக்கேன். இன்னிக்குத்தான் காது குளுந்துச்சு. எந்தச் செவுத்துல ஆரம்பிக்கணும், சொல்லுங்க."

சிரிப்பு கிளம்பியது, அதோடு பாதி வேலை முடிந்தது. கஸ்முரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அவருக்குத் தலைவலி என்று அவர் மனைவி வாளியோடு வந்தாள்.

கம்போங்கில் இருந்த பழைய செய்தித்தாளெல்லாம் ஊறிக் கூழானது. சுவரில் அப்பி, காயாமல் இருக்க மேலே வாழை இலை வைத்தார்கள். உப்பு வீடு இப்போது கட்டுப் போட்ட நோயாளியாகவே ஆகிவிட்டது. மரக் கரண்டிக்கு ஊரில் இருந்தது சோற்றுக் கரண்டிகள்தான். எல்லா வீட்டுச் சோற்றுக் கரண்டியும் சுவருக்கு வந்ததில், ஆண்கள் தேங்காய்ச் சிரட்டையால் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். தார்மி வரிசை வரிசையாக நடந்து, யார் கை அழுத்துகிறது என்று பார்த்தார். இளகாததை இழுத்தவர்களைக் கையில் தட்டினார். பச்சை, பால் ஆடை மாதிரி சுருண்டு வந்தது. அதன் பின்னால், இந்தச் சில நாளிலேயே, உப்பு மாவாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு, இதெல்லாம் எதற்கு என்று யாரும் முணுமுணுக்கவில்லை.

பாக் லூரா ஒரு நாள், அளவு நாடா பிடிக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சுவர் உரிந்து கிடப்பதைப் பார்த்து அவர் முகத்தில் வருத்தம் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் தெரிந்தது. பாருங்கள், நான் சொன்னேன், இது தாங்காது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றார். தார்மி ஒரு சோற்றுக் கரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க குடுத்த பெயின்ட்தான், பாக். ரொம்ப உறுதி. நீங்களே கொஞ்சம் எடுத்துப் பாருங்க."

சுற்றிலும் இருபது பெண்கள், கையில் கரண்டியோடு. அடுத்த தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. பாக் லூரா செருப்பைக் கழற்றிவிட்டு, மேசை அகலத்துக்குப் பச்சையை உரித்தார். அவர் உரிப்பதை அளவு நாடாக்காரன் படம் எடுத்தான்.

அன்றைக்குப் பின்னேரம்தான் கஸ்முரி வந்தார். வேலை செய்ய வரவில்லை, சும்மா நிற்க வந்தேன் என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, கூழ் தண்ணியாக இருக்கிறது என்றார். பிறகு, மேலேயிருந்து கீழே வர வேண்டும், கீழேயிருந்து மேலே போகிறீர்களே என்றார். இருட்டுவதற்குள் அவர் ஏணியில் இருந்தார், எல்லோரையும் வேலை வாங்கிக்கொண்டு.

நட்சத்திரம் மட்டும் வரவில்லை. எண்ணெய் வர்ணம் சுண்ணாம்பைக் கவ்விக்கொண்டிருந்தது. ஓரத்தை நெம்பினால் பூச்சும் கூடவே அசைந்தது. கஸ்முரி, என்னால்தானே, நானே பெயர்த்துவிடுகிறேன் என்று கரண்டியை எடுத்தார். தார்மி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

"எறங்குங்க, பாக். தோலோட வரும். அது அப்படியே இருக்கட்டும்."

"அதனாலயே மானியம் போயிடுச்சுன்னா?"

"போனா என்னைத் திட்டுவாங்க. உங்களுக்கு என்ன?"

நிங்ரும் இரண்டாம் முறை வந்தபோது, சுவர் அங்கங்கே பச்சை படிந்து, சிரங்கு ஆறின உடம்பு மாதிரி இருந்தது. யாரும் பலகாரம் நீட்டவில்லை; மறந்துவிட்டார்கள், பயம். அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். இந்த முறை கையை நெடுநேரம் எடுக்கவில்லை. நாலு பக்கமும், உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்தாள். வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்த்து நின்றாள். கஸ்முரி கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார்.

"இத எடுக்க முடியலயா?"

"எடுத்தா பூச்சு போயிடும்" என்றார் தார்மி. "அதான் விட்டுட்டேன்."

நிங்ரும் எதையோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினீர்கள் என்று தார்மி கேட்டார். பிற்காலச் சேர்க்கை, அகற்றத் தேவையில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். கஸ்முரிக்கு அது போதும். தான் உயிரோடு இருக்கும்போதே பிற்காலத்தில் சேர்ந்துவிட்டதாக இன்றைக்கும் சந்தையில் ஆட்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போகும்போது அவள் முழு உருண்டையையும் சாப்பிட்டாள். யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்திருந்தார்கள். தார்மி அதைக் கவனித்தார். குழு கூடி, செமாராங்கிலிருந்து தொலைபேசி வரும்வரை அந்தக் கூரையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. முன்டியா அதைத்தான் பெரிய அதிசயமாகச் சொல்வாள்.

மானியம் வந்தது. ஓடுகளுக்கும் மரச் சட்டங்களுக்கும் போதுமானது, கதவுக்குப் போதவில்லை. ஆகவே பூட்டு விழாமல் தொங்கிப்போன கதவை இன்னும் தூக்கித்தான் திறக்க வேண்டும். முதல் ஓடு ஏறிய நாளில் படம் எடுக்க பாக் லூரா முன்வரிசையில் நின்றார். பேருந்துகளுக்கு மீன் சந்தைக்குப் பின்னால் இடம் பார்த்திருப்பதாகவும், தான் முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்ததாகவும் செய்தியாளரிடம் சொன்னார். காவலர் என்று தார்மியைப் போட்டது அந்தச் செய்தியாளர்தான்.

மழை ஆரம்பித்த பின் வந்த முதல் எடை நாளில், தார்மி அண்ணாந்து நாலு மூலையையும் ஒரு தடவை பார்த்தார். ஒழுகவில்லை. அவ்வளவுதான், பிறகு வேலை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உப்பளத்துப் பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உப்பளங்கள் மழைக்கு மூடிவிட்டதால் வழக்கத்தைவிட அதிகப் பேர். அதில் வாஸ்தி என்கிற சின்னப் பெண், மூன்று மாதமாக வராதவள், குழந்தையைக் கம்பளிச் சட்டை, காலுறை, தொப்பி, அதற்கு மேல் ஒரு துண்டு என்று சுற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். முகம் மட்டும் தெரிந்தது. உருண்டையாகத்தான் தெரிந்தது.

தார்மி வாங்கித் தராசில் வைக்கவில்லை. மேசையில் படுக்க வைத்தார்.

"எல்லாத்தையும் கழட்டு."

"குளிரும், இபு."

"கூர போட்டாச்சு. கழட்டு."

வாஸ்தி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே இருந்தது ரொம்பச் சின்னதாக இருந்தது. வாஸ்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தார்மி அந்தக் குழந்தையைச் சாரோங்கில் உட்கார வைத்துக் கொக்கியில் மாட்டி, முள் நிற்கும்வரை பார்த்தார். திட்டவில்லை. அடுத்த வாரமும் கொண்டுவரச் சொன்னார். மாதத்துக்கு ஒரு முறைதானே, கதவு பூட்டியிருக்குமே என்றாள் வாஸ்தி.

"கதவு எங்க பூட்டுது? தூக்கித் தொற. நான் உள்ள இருப்பேன்."